சாப்பிட்டாயா என்று கேட்க இங்கே யாரும் இல்லை

வணக்கம் மேடம். எனக்கு 23 வயது. பி.காம் முடித்துச் சென்னையில் இரண்டு வருடம் ஒரு பிபிஓவில் வேலை பார்த்தேன். அப்புறம் ஜெர்மன் மொழியில் தொடக்க நிலையான ஏ1 தேர்வு எழுதி, போன செப்டம்பரில் ஓ-பேராக ஜெர்மனிக்கு வந்தேன். உல்ம் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஓ-பேர் வேலை என்பது இதுதான்: ஒரு வருடம் இந்தக் குடும்பத்தோடு தங்கி, அவர்களுடைய நாலு வயதுப் பையனையும் இரண்டு வயதுப் பெண்ணையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அறை, சாப்பாடு, கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ, மொழி வகுப்புக்கு 70 யூரோ தருகிறார்கள்.

அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்பதில்லை. ராத்திரி சாப்பாடு ரொட்டி, சீஸ், வெள்ளரிக்காய், எதிலும் சூடு கிடையாது. வேண்டுமென்றால் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் வாரம் யாராவது எடுத்து வைப்பார்கள் என்று உட்கார்ந்திருந்து, பசியோடு போய்ப் படுத்த நாள்கூட உண்டு.

டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது, பஸ் மணிக்கு ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமை கடை எதுவும் திறக்காது. ஒரு நாள் வந்திருந்த விருந்தாளிகளிடம் அந்த வீட்டுப் பெண்மணி என் பெயரைச் சொல்லிவிட்டு "எங்கள் ஓ-பேர்" என்றார். அன்று ராத்திரி முழுக்க அழுதேன். கிறிஸ்துமஸுக்கு என்னைத் தனியாக விட்டுவிட்டுத் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போய்விட்டார்கள். வருகிறாயா என்று ஒரு தடவை கேட்டார்கள்தான், ஒப்புக்குக் கேட்டது போல இருந்தது, இல்லை என்றேன், சரி என்று கிளம்பிவிட்டார்கள். மூன்று நாள் அந்தப் பெரிய வீட்டில் நான் மட்டும். சாப்பிட்டாயா என்று ஒரு மெசேஜ்கூட இல்லை. சனிக்கிழமை ராத்திரி அவர்கள் வெளியே போனாலும் குழந்தைகளோடு நான்தான் இருக்க வேண்டும், அதை வேலை நேரத்தில் சேர்ப்பதும் இல்லை.

வேலை முடிந்து அறைக்கு வர எட்டு மணி ஆகிவிடும், ஊரில் அப்போது நள்ளிரவு பன்னிரண்டரை. அம்மா காலை நாலரைக்கு எழுந்து நாலு வீட்டில் சமையல் வேலைக்குப் போகிறவர், எழுப்ப மனசு வராது. நான் குழந்தை பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியாது, உதவித்தொகையில் மொழி படிக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன், வீடியோ காலில் குழந்தை சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவேன், அது வேறு விஷயம். குட்டிப் பெண் தூங்கும்போது என் விரலைப் பிடித்துக்கொள்வாள், அந்த ஐந்து நிமிடம்தான் எனக்கு நிம்மதி. மற்றபடி இங்கே நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பாதியிலேயே திரும்பி வந்துவிடட்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள மகளுக்கு,

என் வயதுக்கு உன்னை நீ என்றே எழுதுகிறேன். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ரொட்டிக்கும் இருட்டுக்கும் கிறிஸ்துமஸுக்கும் நீளமாக இடம் கொடுத்துவிட்டு, அம்மாவிடம் சொல்லாததை மட்டும் "அது வேறு விஷயம்" என்று ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டாய். எனக்கு அங்கிருந்து நகர முடியவில்லை.

சாப்பிட்டாயா என்று யாரும் கேட்பதில்லை என்று திரும்பத் திரும்ப எழுதுகிறாய். அதைக் கேட்கும் ஒரே ஆள் உன் அம்மா. அவர் இன்றைக்கும் போனில் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். ஆனால் நீ கதவைச் சாத்திக்கொண்டு, வேறொரு பெண்ணாக உட்கார்ந்து அவருக்குப் பதில் சொல்கிறாய். இல்லாத அந்தப் படிப்புக்காரியை விசாரித்துவிட்டு அவர் போனை வைத்துவிடுகிறார். உன்னை யாரும் விசாரிக்கவில்லை என்று உனக்குத் தோன்றுவதில் என்ன ஆச்சரியம்?

ஏன் மறைத்தாய் என்று நீ எழுதவில்லை. நான் ஊகிக்கிறேன், தவறென்றால் மன்னித்துக்கொள். நாலு வீட்டில் சமைத்து உன்னைப் படிக்கவைத்தவரிடம், நானும் இன்னொரு வீட்டில்தான் வேலை பார்க்கிறேன் என்று எப்படிச் சொல்வது? அவர் மனசு நொறுங்கிவிடுமே என்ற பயம். அதில் பாசம் இருக்கிறது, ஆனால் அதற்குள் இன்னொன்றும் இருக்கிறது, கொஞ்சம் வலித்தாலும் சொல்லிவிடுகிறேன். அந்த வேலையை நீ தாழ்வாக நினைக்கிறாய். உன் அம்மா இத்தனை வருடம் செய்துவரும் வேலையை. "எங்கள் ஓ-பேர்" என்ற சொல்லுக்கு ராத்திரி முழுக்க அழுதாயே, அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சரிசமமாக என்றுதான் பொருள். உன் காதில்தான் அது வேலைக்காரி என்று விழுந்திருக்கிறது.

அந்தக் குடும்பத்தின் மேலும் நீ கொஞ்சம் அநியாயமாகக் கோபப்படுகிறாய். நம் ஊரில் மூன்று தடவை கூப்பிடுவோம், முதல் இரண்டு தடவை மறுப்பது மரியாதை. அங்கே ஒரு தடவை கேட்பார்கள், நீ சொன்ன பதிலை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். நீ இல்லை என்றாய், உன் சொல்லை மதித்துப் போனார்கள். அந்த மூன்று நாளில் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கலாம், அவர்களுக்கு அது தோன்றவில்லை, அவ்வளவுதான். ஆனால் சனிக்கிழமை விஷயத்தில் நான் உன் பக்கம். ஓ-பேர் விதிப்படி வாரத்துக்கு 30 மணி நேரம்தான் வேலை, ராத்திரி குழந்தைகளோடு இருப்பதும் அதில் சேரும், வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை. இதை முகத்துக்கு நேரே, சாதாரணமாகச் சொல். அவர்கள் ஊரில் அப்படிச் சொல்வது சண்டை ஆகாது.

திரும்பி வருவதா என்பதை இப்போது முடிவு செய்யாதே. அம்மாவிடம் சொன்ன பிறகும் இதே வலி இருந்தால் தாராளமாக வா, அதில் தோல்வி எதுவும் இல்லை.

ஒன்றை யோசித்துப் பார். அடுத்தவர் சமையலறையில் எந்த டப்பா எங்கே இருக்கிறது என்று பழகிக்கொள்வது, அந்த வீட்டுப் பேச்சில் கலந்துகொள்ளலாமா கூடாதா என்று தயங்கி நிற்பது, அந்த வீட்டுக் குழந்தை நம் விரலைப் பிடிக்கும்போது இது நம் குழந்தை இல்லையே என்று ஒரு நொடி உறைப்பது, இதையெல்லாம் உன் குடும்பத்தில் உனக்கு முன்பே அனுபவித்தவர் ஒருவர் இருக்கிறார். உனக்கு அங்கே இப்போது தேவைப்படும் ஆள் அவர்தான். அவரிடமிருந்துதான் நீ ஒளிந்துகொண்டிருக்கிறாய். அவர் முதலில் அழலாம், இரண்டு நாள் பேசாமலும் இருக்கலாம். அதைத் தாங்கிக்கொள், அதற்காகச் சொல்லாமல் விட்டுவிடாதே.

விடுமுறையாக உள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூப்பிடு. இந்தக் குளிர்காலத்தில் இங்கே அப்போது மாலை மூன்றரை, அம்மா வேலை முடிந்து உட்கார்ந்திருப்பார். கதவைத் திறந்து வை. குட்டிப் பெண் ஓடி வந்தால் அவளையும் காட்டு. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் அம்மாவிடம் ஒரு கேள்வி கேள்: அந்த நாலு வீட்டில் உனக்குப் பிடித்த வீடு எது, ஏன்? இத்தனை வருடத்தில் நீ அவரிடம் அதைக் கேட்டிருக்கிறாயா?