தேவைக்கேற்ப ஸ்பிரிங் செய்து தரும் நம்பகமான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியில் உள்ள விவரம் இவ்வளவுதான்: 2 மி.மீ. கம்பி, வெளிவிட்டம் 16 மி.மீ., மொத்தம் 8 சுற்று, ஜிங்க் பிளேட்டிங் (துத்தநாக முலாம்), 500 எண்ணம். மூன்று இடத்தில் விலை கேட்டிருக்கிறீர்கள். ஸ்பிரிங் ஒன்றுக்கு ஒருவர் 4 ரூபாய், இன்னொருவர் 7, மூன்றாமவர் 11. யாரை நம்புவது?

நான் கோவையில் பம்புகளுக்கு வால்வு செய்யும் ஒரு சிறிய பட்டறையில் கொள்முதல் பார்க்கிறேன். ஸ்பிரிங் வாங்குவது என் வேலையில் சின்னப் பங்குதான். ஆனால் அதிகம் வசவு வாங்கிக் கொடுத்ததும் அதுதான். அந்தக் கதையைச் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை முந்நூறு ரிலீஃப் வால்வுகளை (அழுத்தம் மிஞ்சினால் தானே திறப்பவை) அசெம்பிள் செய்து மேசைமேல் அடுக்கிவிட்டுப் போனோம். திங்கள் காலை ஒரு பையன் வால்வைக் கையில் எடுத்தான். உள்ளே கிலுகிலுப்பை மாதிரி சத்தம். அடுத்ததை எடுத்தான், அதுவும். நாற்பது வால்வுக்கு மேல் உள்ளே ஸ்பிரிங் இரண்டு துண்டாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு யாரும் வரவில்லை, யாரும் தொடவும் இல்லை. அழுங்கிய நிலையில் சும்மா இருந்தே உடைந்திருக்கின்றன. முதலில் பொருத்திய பையனைத் திட்டினேன், பாவம். அப்புறம் கம்பி மட்டம் என்று நினைத்தேன். உடைந்த துண்டுகளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பியதும்தான் காரணம் தெரிந்தது: ஹைட்ரஜன்.

ஜிங்க் பிளேட்டிங்குக்கு முன்னால் துருவை எடுக்க ஆசிடில் முக்குவார்கள். பிறகு தொட்டியில் மின்சாரம் கொடுத்து முலாம் ஏற்றுவார்கள். இரண்டு இடத்திலும் ஹைட்ரஜன் உண்டாகி எஃகுக்குள் புகுந்துவிடும். சாதாரண இரும்புப் போல்ட்டுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஸ்பிரிங் கம்பியோ மிக உறுதியானது, அதுவும் அழுத்தத்திலேயே இருப்பது. சில மணி நேரமோ ஓரிரு நாளோ பொறுத்திருந்து பட்டென்று உடையும். பிளேட்டிங் முடிந்த சூட்டோடு, குரோமேட் என்ற மேல்பூச்சு கொடுப்பதற்கு முன், சுமார் 200 டிகிரியில் குறைந்தது நான்கு மணி நேரம் அடுப்பில் வைத்து எடுத்தால் ஹைட்ரஜனின் தொல்லை பெரும்பாலும் அடங்கிவிடும். இதற்குப் பெயர் பேக்கிங் (baking).

சப்ளையருக்கு வாட்ஸ்அப்பில் தமிழில் கேட்டேன்: "பிளேட்டிங் முடிஞ்சு பேக்கிங் பண்ணீங்களா தம்பி?" உடனே பதில் வந்தது: "பண்ணோமுங்கண்ணா, மூணு அடுக்கு அட்டைப்பெட்டி, உள்ள பாலிதீன் கவர்." சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் முழுத் தப்பும் அவர்மேல் இல்லை. டிராயிங்கில் "ஜிங்க் பிளேட்டிங், 8 மைக்ரான்" என்று எழுதியதோடு நிறுத்தியது நான். அவர் முலாம் போடுகிறவரும் அல்ல. வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்து வாங்குகிறார். அங்கே போல்ட்டும் ஆணியும் முக்கும் அதே தொட்டியில் நம் ஸ்பிரிங்கும் முங்கி எழுந்திருக்கிறது.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழக்கம் ஒன்று. விலை சொல்வதற்கு முன் அந்த ஆள் என்னிடம் என்ன கேட்கிறார் என்று பார்ப்பேன். கம்பி தடிமன், சுற்று, எண்ணிக்கை இதோடு கால்குலேட்டரை எடுப்பவர் கம்பியை வளைத்துத் தருகிறவர், அவ்வளவுதான். ஸ்பிரிங் தெரிந்தவர் குடைவார். இது எங்கே உட்காரும்? உள்ளே தண்டு போகிறதா, அல்லது குழாய்க்குள் இருக்கிறதா? (அழுத்தும்போது ஸ்பிரிங்கின் வெளிவிட்டம் கொஞ்சம் பெருக்கும்; குழாய் இறுக்கமாக இருந்தால் உரசும்.) எப்போதாவது அழுங்குமா, நிமிடத்துக்கு நூறு தடவை அழுங்குமா? தண்ணீர் படுமா, சூடு எவ்வளவு? எந்த உயரத்தில் எத்தனை கிலோ வேண்டும்? உங்கள் மூவரில் இந்தக் கேள்விகளைக் கேட்டவர் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

கடைசிக் கேள்விதான் முக்கியம். நீங்கள் கொடுத்திருக்கும் விவரத்தில் அது இல்லவே இல்லை. ஸ்பிரிங்கை அளவாக வாங்காதீர்கள், விசையாக வாங்குங்கள். உங்கள் 8 சுற்றில் இரண்டு முனைச் சுற்று போக வேலை செய்வது 6. சாதாரணக் கார்பன் எஃகுக் கம்பியில் கணக்குப் போட்டால் ஒரு மி.மீ. அழுத்த ஏறத்தாழ ஒரு கிலோ விசை வருகிறது. இந்தக் கணக்கில் கம்பித் தடிமன் நான்காம் அடுக்கில் நிற்கிறது. கம்பி வெறும் 0.02 மி.மீ. பருத்தாலே விசை 4 சதவீதம் ஏறிவிடும். நடுவிட்டம் (வெளிவிட்டத்தில் ஒரு கம்பித் தடிமனைக் கழித்தது) ஒரு சதவீதம் பெருத்தால் 3 சதவீதம் இறங்கும். எல்லா அளவும் டிராயிங்படி சரியாக இருந்து, வால்வு மட்டும் வேறு அழுத்தத்தில் திறக்கும். அதனால் டிராயிங்கில் "35 மி.மீ. உயரத்தில் 10 கிலோ, கூடக் குறைய 10 சதவீதம்" என்பது போல எழுதுங்கள். முடிந்தால் இரண்டு உயரத்துக்கு எழுதுங்கள். உள்ளே இடம் கொள்ள வேண்டிய விட்டத்தை மட்டும் இறுக்கிப் பிடித்துவிட்டு, சுற்று எண்ணிக்கையையும் அழுங்காத நீளத்தையும் உத்தேசமாக விடுங்கள். கம்பி கொஞ்சம் முன்னே பின்னே வந்தாலும் அதை வைத்துச் சரிக்கட்டிக்கொள்ள அவருக்கு இடம் வேண்டும். எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்தால், தெரிந்தவர் "இது வராதுங்க" என்பார். தெரியாதவர் "சரிங்க" என்பார்.

கம்பியின் ரகத்தையும் எழுத வேண்டும். கார்பன் எஃகுக்கு ஐஎஸ் 4454 என்ற இந்தியத் தரநிலையின் முதல் பகுதி, அதற்குள் எந்த கிரேடு என்பதையும் சேர்த்து. ஒரு தடவை ஒரு புண்ணியவான் கம்பி கிடைக்கவில்லை என்று எங்களைக் கேட்காமலே ஸ்டெயின்லெஸ்ஸில் சுற்றி அனுப்பிவிட்டு, "இது இன்னும் உசத்திங்க, அதே விலைக்குத் தர்றேன்" என்றார். உசத்திதான், துருப் பிடிக்காது. ஆனால் ஸ்டெயின்லெஸ்ஸின் விறைப்பு குறைவு. உங்கள் ஸ்பிரிங்கையே அதில் சுற்றினால் மி.மீ.க்கு ஒரு கிலோ என்பது சுமார் 860 கிராமாக இறங்கிவிடும். இன்னொன்று: ஸ்டெயின்லெஸ் கேட்டு வாங்கிவிட்டு, காந்தம் ஒட்டுகிறது என்று சண்டைக்குப் போய்விடாதீர்கள். நான் போயிருக்கிறேன். 304 என்ற ரக ஸ்டெயின்லெஸ் கம்பியைக் குளிர்நிலையில் இழுத்து மெலிதாக்கும்போது அது ஓரளவு காந்தத்தன்மை பெற்றுவிடும். அன்று மன்னிப்புக் கேட்டது நான்தான்.

ஐஎஸ்ஓ சான்றிதழ் இருந்தால் நல்லது. ஆனால் சுவரில் மாட்டிய சட்டத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், பட்டறைக்குள் போய் மூன்று இடத்தைப் பாருங்கள். முதலாவது கம்பிச் சுருள் வைத்திருக்கும் மூலை. ஒவ்வொரு சுருளிலும் கம்பி ஆலையின் அட்டை தொங்குகிறதா, அதற்கு டெஸ்ட் சர்டிஃபிகேட் எடுத்துக் காட்டுகிறாரா? இரண்டாவது அடுப்பு. சுற்றி முடித்த ஸ்பிரிங்கில் வளைத்த இறுக்கம் தங்கியிருக்கும். கார்பன் எஃகை 250 டிகிரியை ஒட்டி அரைமணி நேரம் போலச் சூடாக்கி அதைத் தணிக்க வேண்டும், ஸ்டெயின்லெஸ்ஸுக்கு 350 வரை போகலாம். அடுப்பில் வெப்பக் காட்டி உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். "அனுபவத்துல தெரியுமுங்க" என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். மூன்றாவது, விசையை அளக்கும் லோடு டெஸ்டர். அதன்மேல் தூசி படிந்திருந்தால் அதற்குமேல் கேட்க வேண்டியதில்லை. சுற்றும் இயந்திரம் கணினியில் ஓடும் ஜெர்மன் சிஎன்சியா, பழைய கேம் மெஷினா என்பதை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். கேம் மெஷினில் அருமையாகச் சுற்றும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

500 எண்ணத்துக்குப் பெரிய கம்பெனிகள் உங்களைத் திரும்பிப் பார்க்காது. இயந்திரத்தை செட் செய்யவே அரைநாள் போய்விடும், நியாயம்தான். சின்னப் பட்டறைகளைத்தான் நாட வேண்டும். அங்கே ஒரு சிக்கல்: சாம்பிளை லேத்தில் கையால் சுற்றிக் கொடுத்துவிட்டு, மொத்த லாட்டை இயந்திரத்தில் ஓட்டுவார்கள். இரண்டும் வேறு வேறு ஸ்பிரிங். லாட் ஓடப்போகும் அதே இயந்திரத்தில், அதே கம்பியில் இருபது சாம்பிள் கேளுங்கள், காசு கொடுத்தே கேளுங்கள். வந்ததும் பத்தைச் சுற்றோடு சுற்று ஒட்டும்வரை அழுத்தி இரண்டு நாள் கட்டி வையுங்கள். அவிழ்த்தபின் நீளம் குறைந்திருந்தால் அவர் முன்கூட்டியே அழுத்தி எடுக்கவில்லை. அந்த ஸ்பிரிங் நீங்கள் பொருத்தும் இடத்தில் போய் நீளம் குறையும். உடைந்தால் காரணம் உங்களுக்கே தெரியும். டெஸ்டர் இல்லையென்றால் டிரில்லிங் மெஷினின் மேடையில் எலக்ட்ரானிக் தராசை வைத்து, மேலிருந்து ஸ்பின்டிலால் அழுத்தி, உயரத்தை வெர்னியரில் பாருங்கள். நாங்கள் மூன்று வருடம் அப்படித்தான் ஓட்டினோம்.

இப்போது விலைக்கு வருவோம். உங்கள் ஸ்பிரிங்கில் கம்பி 9 கிராம்கூட இல்லை. 4 ரூபாய்க்கும் 11 ரூபாய்க்கும் உள்ள தூரம் கம்பியில் இல்லை, வேலையில் இருக்கிறது. முனைகளைச் சாணை பிடித்துத் தட்டையாக்குவது, சூடாக்கித் தணிப்பது, அழுத்தி எடுப்பது, பிளேட்டிங்குக்குப் பிறகு அடுப்பு, சோதனை. இதில் எது எது உங்கள் விலையில் இருக்கிறது என்று மூவரையும் வரிவரியாக எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். 4 ரூபாய்க்காரரிடம் பாதி வேலை இருக்காது என்றுதான் நினைக்கிறேன். 11 ரூபாய்க்காரரிடம் எல்லாம் இருக்கும் என்றும் சத்தியம் செய்ய மாட்டேன். ஜிங்க்தான் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். எண்ணெயில் இருக்கும் ஸ்பிரிங்குக்கு முலாமே தேவையில்லை; தண்ணீரில் இருப்பதென்றால் விசையை மறுபடி கணக்குப் போட்டு ஸ்டெயின்லெஸ்ஸுக்கே போய்விடலாம்.

அந்தத் தம்பியிடம்தான் இன்றும் வாங்குகிறோம். உடைந்த லாட் முழுவதையும் பேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். அடுத்த வாரமே பிளேட்டிங் பட்டறைக்கு என்னையும் கூட்டிப்போய் அடுப்பைக் காட்டினார். இப்போது அவர் பில்லில் இரண்டு வரி தனித்தனியாக வருகிறது: "அடுப்பு பேக்கிங், 4 மணி நேரம்", "பெட்டி பேக்கிங், இலவசம்".