புது ஃபேன், பழைய ரெகுலேட்டர்

வணக்கம். குடியாத்தம் வீட்டில் பிஎல்டிசி ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை) மாட்டியதிலிருந்து ஒரே உறுமல், ரிமோட்டைத் தேடியே அம்மா சலித்துப்போகிறார் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. கத்திரி வெயிலில் நம் வேலூர்ப் பக்கம் ஃபேன் இல்லாமல் உட்கார முடியுமா?

முதலில் உறுமல். பழைய ரெகுலேட்டர் இன்னும் லைனில் இருக்கிறதா பாருங்கள். அது மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பியோ, மின்னழுத்தத்தைக் குறைத்தோதான் வேகத்தைக் குறைக்கும். பிஎல்டிசி ஃபேனின் சர்க்யூட்டுக்கு அது ஆகவே ஆகாது, நாளடைவில் போர்டே போய்விடலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ரெகுலேட்டரை எடுத்துவிட்டு சுவிட்சிலிருந்து நேரடியாக இணைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ரிமோட். சில மாடல்களில் சுவர் சுவிட்சைச் சட்டென்று அணைத்துப் போட்டாலே வேகம் மாறும், மேனுவலில் பாருங்கள். இல்லையென்றால் சுவிட்ச்போர்டு பக்கத்தில், அம்மா கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு ஹோல்டர் அடித்துவிடுங்கள். வேகத்தைக் கூட்டும் பட்டனில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வையுங்கள், விரலுக்குத் தட்டுப்படும்.

75 வாட் இழுத்த இடத்தில் 30 வாட் என்பது நிஜமான லாபம்தான். ஆனால் இருட்டில் தடவித் திருப்பிய குமிழை எதற்குப் பிடுங்கினார்கள்? எனக்கு இன்னும் ஆறவில்லை. சுவர்க் குமிழோடு வேலை செய்யும் பிஎல்டிசி மாடல்களும் இருக்கின்றன. அடுத்த அறைக்கு அதையே கேட்டு வாங்குங்கள்.