பி.கொம். முடித்த மகள்: வேலையா, மேற்படிப்பா, கலியாணமா?

கோண்டாவில் அம்மாவுக்கு,

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பி.கொம். முடித்த மகளுக்காக வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. அப்பா அரச உத்தியோகம் என்கிறார். லண்டன் மாமா அங்கே வந்து மாஸ்டர்ஸ் படிக்கச் சொல்கிறார். மகளுக்கு ஏ.சி.சி.ஏ. என்ற பிரித்தானியக் கணக்காளர் தகுதியில் ஆசை. உங்களுக்கோ மகளின் வயது 25 ஆகிவிட்டதே என்ற கவலை. இவற்றில் எதையும் இன்றைக்கே வெட்டிவிட வேண்டியதில்லை. ஆனால் முதலில் பிள்ளை ஒரு வேலையில் இருக்க வேண்டும்.

ஏனென்றால் ஏ.சி.சி.ஏ.யின் 13 பாடங்களையும் சித்தியடைந்தாலும் 36 மாத வேலை அனுபவம் இல்லாமல் அங்கத்துவம் கிடைக்காது. இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனமும் மூன்று வருடப் பயிற்சி கேட்கிறது. நல்ல எம்.பி.ஏ. கற்கைகளும் அனுபவம் உள்ளவர்களையே தேடுகின்றன. படித்து முடித்துவிட்டு வேலை தேடலாம் என்று வீட்டில் இருக்கும் காலம் இந்த 36 மாதத்தில் ஒரு நாளையும் குறைக்காது.

யாழ்ப்பாணத்திலேயே கிளை வைத்திருக்கும் கணக்காய்வு நிறுவனங்களிலும், வங்கி, லீசிங் கொம்பனிகளிலும் தொடங்கலாம். கொழும்பில் சம்பளம் கூட. ஆனால் வெள்ளவத்தையில் அறை வாடகை, சாப்பாடு, மாதம் இரண்டு தரம் ஊருக்கு வந்துபோகும் செலவு எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதை வைத்தே ஒப்பிட வேண்டும். முதல் வருடத்தில் அது பலருக்கும் ஏமாற்றமாக இருக்கும். எங்கே சேர்ந்தாலும் நியமனக் கடிதம் வாங்குங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு பிள்ளையின் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளியிடமிருந்து 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளியிடமிருந்து 3 சதவீதமும் கட்டப்படுகிறதா என்று கேளுங்கள். கடிதம் இல்லாத இடத்தில் பிறகு அனுபவத்தை நிரூபிப்பதும் கஷ்டம், 84 வேலை நாள் மகப்பேற்று விடுமுறையைக் கேட்பதும் கஷ்டம்.

அப்பாவின் பயமும் எனக்கு விளங்குகிறது. 2020 பட்டதாரி நியமனத்தின்போது சேமலாப நிதியில் பெயர் இருந்தவர்களை, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் என்று விலக்கியது பெரிய சர்ச்சையானது. அன்றிலிருந்து “தனியாரில் சேர்ந்தால் கவுண்மேந்து வேலை போய்விடும்” என்று பல வீடுகளில் பிள்ளைகளை மறித்து வைத்திருக்கிறார்கள். எப்போது வரும் என்று தெரியாத பொது நியமனத்துக்காக இரண்டு மூன்று வருடத்தைக் கொடுப்பது என் கணக்கில் நட்டம். இலங்கைக் கணக்காளர் சேவை, நிர்வாக சேவை போன்றவற்றின் திறந்த போட்டிப் பரீட்சைக்கு வேலை இல்லாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அங்கே பார்க்க வேண்டியது வயதெல்லை. இந்தப் பரீட்சை அறிவித்தல்கள் வரும் வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும். அதைப் பார்க்கும் பொறுப்பை அப்பாவிடமே கொடுத்துவிடுங்கள்.

இனி லண்டன். அவசரப்பட்டால் அதிகம் இழக்கும் இடம் இதுதான், காணியை ஈடு வைத்துப் போகும் இடமும் இதுதான். மாமா “காசை நான் காட்டுகிறேன்” என்று சொல்லியிருப்பார். பிரித்தானிய மாணவர் விசாவுக்கு மாமாவின் வங்கிக் கணக்கு செல்லாது. காசு மாணவியின் பெயரிலோ பெற்றோரின் பெயரிலோ தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். பெற்றோர் கணக்கென்றால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் வேண்டும். இடையில் ஒரு நாள் தொகை குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். சீட்டுக்காசை அவசரமாகப் போட்டு எடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுப்படுகிறார்கள்.

“கலியாணம் முடித்து மாப்பிள்ளையோடு போகலாம்” என்பது பழைய கதை. 2024 ஜனவரி முதல் தொடங்கும் வழக்கமான மாஸ்டர்ஸ் கற்கைக்குத் துணையைக் கூட்டிப்போக முடியாது. ஆய்வுப் பட்டங்களுக்கு விலக்கு உண்டு. படித்தபின் தங்கி வேலை செய்யும் விசாவும், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு, இரண்டு வருடத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. அந்தக் காலத்துக்குள் வேலைகொடுப்பவர் ஒருவர் விசாவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். அனுபவமே இல்லாத பட்டதாரிக்கு அது லேசில் நடக்காது. கடன் ரூபாயில், கட்டணம் பவுணில் என்பதையும் மறக்க வேண்டாம். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியது, பவுணும் அதோடு ஏறியது. இரண்டு வருட வேலைக்குப் பிறகு புலமைப்பரிசிலோடு போக முடிந்தால் போகட்டும். இப்போது வேண்டாம்.

ஏ.சி.சி.ஏ. மட்டும் இன்றைக்கே தொடங்கலாம், வேலையோடு ஒத்துப்போகும். பி.கொம்.முக்குச் சில பாடங்களில் விலக்கு கிடைக்கும். எத்தனை என்பதை அவர்களின் இணையத்தளத்திலுள்ள விலக்குக் கணிப்பானில் பாருங்கள். விலக்கும் இலவசம் இல்லை, பாடத்துக்குப் பாடம் கட்டணம் உண்டு. கிடைக்கிற எல்லா விலக்கையும் எடுத்துவிட்டு, கணக்காய்விலோ நிதி அறிக்கையிடலிலோ அடித்தளம் இல்லாமல் மேல்நிலைப் பாடத்தில் திரும்பத் திரும்ப விழுபவர்கள் உண்டு. மகளுக்கு எந்தப் பாடம் தளம்பலோ அதை எழுதித் தேறுவது நல்லது. ஒன்பது பாடம் மிச்சமிருந்தால், ஆறு மாதத்துக்கு இரண்டு வீதம் இரண்டரை வருடம். மார்ச், ஜூன், செப்டெம்பர், டிசெம்பர் என்று நாலு தவணை இருப்பதால் ஒன்றைத் தவறவிட்டாலும் பெரிய இடி இல்லை.

கலியாணத்துக்கும் இதில் இடம் இருக்கிறது. கீழ்நிலைப் பாடங்களின் சித்தி காலாவதியாகாது. கடைசி நாலு பாடங்களுக்கு மட்டும் ஏழு வருட எல்லை, அதுவும் அவற்றில் முதலாவதைச் சித்தியடைந்த நாளிலிருந்து. குழந்தை என்று ஒரு வருடம் விட்டாலும் படித்தது எங்கேயும் போகாது. பரீட்சை எழுதாத வருடத்திலும் வருடாந்தச் சந்தாவைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். முகூர்த்தம் பார்க்கும்போது பரீட்சை அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்காய்வு நிறுவனத்தில் சேர்ந்தால் மார்ச் 31 கணக்கு முடிவுக்குப் பிந்திய மாதங்களிலும், வருமான வரி விபரத்திரட்டு கொடுக்க வேண்டிய நவம்பர் 30க்கு முன்னும் லீவு கேட்பது வீண்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் படிப்பைப் பற்றி நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பேசுங்கள். “படிக்க விடுவோம்” என்ற பொதுவான பதிலோடு எழும்பி வராதீர்கள். மிச்சக் கட்டணத்தை யார் கட்டுவது, பரீட்சைக்கு முந்திய மாதத்தில் சமையலும் விருந்தும் யார் பொறுப்பு, வேலை மாற்றலாகினால் யார் இடம் மாறுவது என்று மகளே கேட்கட்டும். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால், விசா வரும்வரை வேலையை விடக்கூடாது. அந்த இடைக்காலமும் 36 மாதத்தில் சேரும்.

பட்டமளிப்பு விழா வரை காத்திருக்க வேண்டாம். பெறுபேறு வந்ததும் பாடவாரியான பெறுபேற்றுச் சான்றிதழை ஆங்கிலத்தில் மூன்று பிரதி எடுத்து வையுங்கள். விலக்கு விண்ணப்பம், நேர்முகப் பரீட்சை இரண்டுக்கும் முதலில் கேட்பது அதைத்தான்.