முதல் தலைமுறை வக்கீல்: சீட்டு கிடைத்துவிடும், அதற்குப் பிறகு?

கேள்வி: என் மகள் பேரணாம்பட்டில் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். வக்கீலுக்குத்தான் படிப்பேன் என்கிறாள். நாங்கள் ஆதிதிராவிடர். கணவருக்கு டேனரியில் வேலை, நான் பீடி சுற்றுகிறேன். எங்கள் சொந்தத்தில் வக்கீல் யாருமே இல்லை. "படித்து முடித்தாலும் நம்ம ஜனத்துக்கு யார் கேஸ் கொடுப்பார்கள்?" என்று பயமுறுத்துகிறார்கள். படிக்க வைக்கலாமா?

பதில்: தாராளமாகப் படிக்க வையுங்கள் அம்மா. உச்ச நீதிமன்றத்தில் உட்கார்ந்த முதல் தலித் நீதிபதி ஏ.வரதராஜன் உங்கள் பக்கத்து ஜோலார்பேட்டையில் பிறந்தவர். 1980-ல் அந்த இடத்துக்குப் போனார். பயமுறுத்துகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

சீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். காட்பாடியில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். எஸ்.சி. பிரிவுக்கு 15 சதவீதம், அருந்ததியருக்குத் தனியாக 3 சதவீதம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் ஐந்தாண்டுப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. அதற்கான பள்ளிச் சான்றிதழ், சாதிச் சான்று, வருமானச் சான்று மூன்றையும் இப்போதே வாங்கி வையுங்கள். கல்வி உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும்.

இந்த இட ஒதுக்கீடு சாதாரண விஷயமில்லை. அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2023-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சட்டக் கல்லூரிகளில் கறுப்பின மாணவர்களைக் கூட்டுவதற்கு இனி வேறு வழி தேட வேண்டிய நிலை. கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்துக் கொடுத்த நம் சென்னை மாகாணத்து வகுப்புவாரி அரசாணையும் 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் இப்படித்தான் செல்லாமல் போனது. அதே ஆண்டு அரசியல் சட்டத்தையே முதல் முறையாகத் திருத்தி இட ஒதுக்கீட்டைக் காப்பாற்றினார்கள். உங்கள் மகளின் சீட்டு அந்தத் திருத்தத்தின் மேல்தான் நிற்கிறது.

சிக்கல் பட்டம் வாங்கிய பிறகுதான். ஒருவரை வக்கீலாகப் பதிவு செய்கிற அமைப்பு பார் கவுன்சில். அந்தப் பதிவுக்கு முன்பெல்லாம் ஆயிரக்கணக்கில் பணம் வாங்கினார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது: பொதுப் பிரிவுக்கு 750, எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய், அதற்கு மேல் பதிவுக் கட்டணம் கேட்கக் கூடாது. முத்திரைக் கட்டணம் தனி. அப்புறம் வக்கீல் தொழில் செய்வதற்கான தகுதித் தேர்வான அகில இந்திய பார் தேர்வு எழுத வேண்டும்.

அடுத்து சீனியர், அதாவது தொழில் கற்றுத்தரும் மூத்த வக்கீல். வக்கீல் வீட்டுப் பிள்ளை அப்பாவின் சேம்பரிலேயே (வக்கீல் அலுவலகம்) உட்கார்ந்துவிடும். உங்கள் மகள் யார் என்றே தெரியாத ஒருவரிடம் போய் நிற்க வேண்டும். வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் ஜூனியரின் முதல் வருஷம் எப்படிப் போகும் தெரியுமா? காலையில் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, சீனியர் வரத் தாமதமானால் வாய்தா கேட்பது, நகல் மனு போடுவது, குறை சொல்லிக் கோர்ட் திருப்பிய மனுவைச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்வது. தொழில் கற்பது இதில்தான். ஆனால் இத்தனைக்கும் கையில் பஸ் காசு மட்டும் கொடுக்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, வேலூர் போன்ற மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது ஜூனியருக்குத் தர வேண்டும் என்றது. எல்லோரும் தருகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். கேட்பதற்கு ஒரு பிடி இருக்கிறது.

மகளுக்கு நீதிபதி ஆசை இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்று ஆண்டு வக்கீல் அனுபவம் கட்டாயம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அனுபவம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வசதியான வீட்டுப் பையன் மூன்று வருஷம் காத்திருப்பதும், பீடி சுற்றும் வீட்டுப் பெண் காத்திருப்பதும் ஒன்றாகாது. நம் பிள்ளைகள் தொழிலைவிட்டு வேறு வேலைக்குப் போவது இந்த இடத்தில்தான். சாதி வன்கொடுமை வழக்குகளில் புகார் கொடுத்தவர் மனம்விட்டுப் பேச, அவருடைய தெருவை அறிந்த வக்கீல் வேண்டும். அதனால் இந்த இழப்பு ஒரு வீட்டோடு முடிவதில்லை.

ஆகவே ஐந்து வருஷப் படிப்புக்கு மட்டும் திட்டம் போடாதீர்கள், எட்டு வருஷத்துக்குப் போடுங்கள். படிக்கும்போதே மொத்தம் 20 வாரமாவது இன்டர்ன்ஷிப் கட்டாயம். அதைச் சான்றிதழுக்காக ஒரே இடத்தில் கழிக்காமல் இரண்டு மூன்று சேம்பர்களில் செய்யட்டும். யார் வேலை கற்றுத் தருகிறார், பெண் ஜூனியர்களை எப்படி நடத்துகிறார் என்பது அதில் தெரிந்துவிடும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் மறக்க வேண்டாம். அங்கே குற்றம் சாட்டப்பட்ட ஏழைகளுக்காக இலவசமாக வாதாடும் சட்ட உதவி வழக்கறிஞர் அலுவலகத்தில் உதவி வழக்கறிஞர் பணிக்கு மூன்று வருஷத்துக்கு உட்பட்ட அனுபவமுள்ளவர்களையும் எடுக்கிறார்கள், மாதச் சம்பளம் உண்டு. அறிவிப்பு வரும்போது தவறவிடக் கூடாது. தொழில் தொடங்க உதவி உண்டா என்று ஆதிதிராவிடர் மேம்பாட்டுக்கான அரசு நிறுவனமான தாட்கோ அலுவலகத்திலும் கேளுங்கள்.

சீனியரிடம் சேரும் முன் மாதம் எவ்வளவு தருவீர்கள் என்று மகளே வாய்விட்டுக் கேட்க வேண்டும். முகம் சுளிக்கிறவர் சேம்பரில் சேர வேண்டாம்.