ஈறு இறங்கிய வாயில் இம்ப்ளான்ட் வைக்கலாமா?

கேள்வி: வயது 56. ஈறு இறங்கி, ஆடிக்கொண்டிருந்த கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டை எடுத்துவிட்டார்கள். இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் வைக்கும் செயற்கைப் பல்) வைத்தால் ஆயுளுக்கும் நிற்கும், இந்த வாரமே முழுப் பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். கட்டலாமா?

பதில்: இந்த வாரம் கட்டாதீர்கள். பற்கள் ஆடியதால்தான் எடுக்கப்பட்டன என்றால், ஈறு நோய் அடியிலுள்ள எலும்பையும் கரைத்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த நோய் மற்ற பற்களைச் சுற்றி இன்னும் இருக்கலாம். இம்ப்ளான்ட் சொத்தையாகாது, உண்மை. ஆனால் அதைச் சுற்றியும் அழற்சி வரலாம். எலும்பு கரைந்தால் டைட்டானியம் திருகும் ஆடும். ‘ஆயுளுக்கும்’ என்பது விற்பவரின் வாய்ச்சொல்.

முதலில் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கின் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். 3 மில்லிமீட்டர் வரை பொதுவாகக் கவலை இல்லை. 5, 6 என்று வந்தால் வேர்வரை சுத்தம் செய்யும் சிகிச்சைதான் முதல் செலவு. இறங்கிய ஈறு தானாக மேலேறாது. ஏற்றிவிடுவதாகச் சொல்லும் பற்பசைக்குக் காசு கொடுக்காதீர்கள். புகைப்பழக்கமோ கட்டுக்கடங்காத சர்க்கரையோ இருந்தால் இம்ப்ளான்ட் தோற்கும் அபாயம் கூடும். எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

மாற்று வழிகளும் உண்டு. பிரிட்ஜ் என்றால் பக்கத்துப் பற்களைச் செதுக்கித் தூணாக்குவார்கள். ஈறு இறங்கிய பல் தூணாகத் தாங்குமா என்று கேளுங்கள். கழற்றி மாட்டும் பல் செட் செலவு குறைவு, பழகச் சில வாரம் ஆகும். வாய் ஆறும்வரை அதைத் தற்காலிகமாக வைத்துக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

இனி பில். ‘ஒரு பல்லுக்கு இவ்வளவு’ என்பது பல சமயம் திருகின் விலை மட்டும்தான். இணைப்புத் துண்டு, மேலே வைக்கும் பல், ஸ்கேன், தேவைப்பட்டால் எலும்பு நிரப்புதல், எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். திருகு எலும்போடு சேரப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் ஆகும். பணத்தையும் அந்தக் கட்டங்களுக்கு ஏற்பப் பிரித்துக் கட்டக் கேட்கலாம். உத்தரவாதம் உதிரிபாகத்துக்கு மட்டுமா, மறுபடி வைக்கும் கூலிக்கும் சேர்த்தா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வைத்த திருகின் நிறுவனப் பெயர், அளவு, தொகுதி எண் உள்ள ஸ்டிக்கரை வாங்கி வையுங்கள். பத்து ஆண்டு கழித்து வேறு மருத்துவர் அதைக் கழற்ற நேர்ந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்.

விவரம் எழுதித் தர மறுத்தால், எக்ஸ்ரே நகலை வாங்கிக்கொண்டு ஈறு நோய் நிபுணர் ஒருவரிடம் காட்டுங்கள்.