முதியோர் இல்லத்தில் சேர்த்த பிறகு அம்மா பகலெல்லாம் தூங்குவது: நோயா, மருந்தா?

“மறதி நோய் முற்றிவிட்டது, அதான் தூக்கம்” என்று இல்லத்தில் சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். சேர்த்த மூன்றே வாரத்தில் பகலெல்லாம் தூங்கும் அளவுக்கு மாற்றம் என்றால் முதல் சந்தேகம் மருந்துமேல்தான்.

மாத்திரை கொடுத்த பதிவேட்டைக் கேட்டு வாங்கி, பழைய மருந்துச் சீட்டோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். குவெட்டியாபைன், ரிஸ்பெரிடோன் (இரண்டும் மனநோய்க்கான மருந்துகள்), லோராசெபாம் (பதற்றம் தணித்துத் தூக்கம் தரும் மருந்து) புதிதாகச் சேர்ந்திருந்தால் யார் எழுதியது, எதற்கு என்று கேளுங்கள். ‘தேவைப்பட்டால் மட்டும்’ என்று எழுதிய மாத்திரைக்கு தினமும் இரவு எட்டு மணிக்கு டிக் விழுந்திருந்தால், அது அம்மாவின் தேவைக்காகக் கொடுத்ததாக இருக்காது. முதல் இரண்டும் மறதி நோயுள்ள முதியோரின் இறப்பு அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2005லேயே எச்சரித்துவிட்டது.

பெரும்பாலும் இதன் பின்னால் இருப்பது ஆள் பற்றாக்குறை. பொழுது சாயும்போது மறதி நோயுள்ள பலருக்குப் பதற்றம் கூடும்; கவனிக்க ஆள் இல்லாவிட்டால் மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்கள். அதனால் சொல்லிக்கொள்ளாமல் மாலை ஆறரைக்குப் போய், அந்தத் தளத்தில் எத்தனை பணியாளர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். லோராசெபாமைத் திடீரென விட்டால் வலிப்பே வரலாம். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, சோடியம் குறைவும் இதே தூக்க மயக்கத்தைத் தரும். அந்தப் பரிசோதனைகளை இந்த வாரமே எடுக்கச் சொல்லுங்கள்.