ஒன்றரை லட்சம் போடும் முன் அந்த ஃபைலைப் பாருங்க

கேள்வி: பையன் கோயம்புத்தூர்ல விஸ்காம் ரெண்டாவது வருசம் படிக்கிறானுங்க. சவுண்ட் இன்ஜினியர் ஆகணும்ங்கிறான். புரோ டூல்ஸ்ங்கிற சவுண்ட் சாஃப்ட்வேர்ல வீடியோ திக்கித் திக்கி ஓடுதாம், ஒன்றரை லட்சத்துக்குக் கம்ப்யூட்டர் கேக்கறான். வாங்கித் தரலாமுங்களா? (திருப்பூர், பனியன் கம்பெனி வைத்திருக்கும் தந்தை)

பதில்: இப்போதைக்கு வேண்டாமுங்க. கோளாறு பெரும்பாலும் ஃபைலில்தான் இருக்கும்.

எடிட்டர் கொடுக்கும் எம்பி4 வீடியோ ஃபைல் பொதுவாக ஹெச்.264 என்கிற முறையில் சுருக்கியது. உங்கள் ஸ்டாக் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் தேதி மட்டும் மொத்த இருப்பை எழுதி, மற்ற நாளெல்லாம் வந்ததையும் போனதையும் மட்டும் குறித்தால் நோட்டு மெலிசாக இருக்கும். ஆனால் இருபதாம் தேதி இருப்பு என்னவென்று யாராவது கேட்டால், ஒன்றிலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். ஹெச்.264-ம் அப்படித்தான். வீடியோ என்பது வரிசையாக ஓடும் தனித்தனிப் படங்கள், ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம். எப்போதாவது ஒரு ஃபிரேம் முழுப்படம், நடுவில் இருப்பதெல்லாம் மாற்றக் கணக்கு. உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கு அது போதும். காலடிச் சத்தத்தைப் பொருத்துகிறவன் ஒவ்வொரு ஃபிரேமாக முன்னும் பின்னும் நகர்த்துவான். ஒவ்வொரு தடவையும் மிஷின் கூட்டல் போட்டுக்கொண்டிருக்கும்.

அதனால் எல்லா ஃபிரேமையும் முழுசாக வைக்கிற டிஎன்எக்ஸ்எச்டி 36 அல்லது புரோரெஸ் பிராக்ஸி என்கிற வீடியோ வகையாக மாற்றச் சொல்லுங்கள். ஷட்டர் என்கோடர் என்கிற சாஃப்ட்வேர் இலவசம், அதிலேயே முடியும். படத்தின் அளவு 1920-க்கு 1080 புள்ளிகள் (ஃபுல் ஹெச்டி) தாராளம். சத்தம் ஒட்டுவதற்கு 4கே எதற்கு? ஒரு மணி நேரப் படம் சுமார் 16 ஜிபி பிடிக்கும். அதை வேகமான தனி டிஸ்க்கில், அதாவது எஸ்எஸ்டியில் வைக்கட்டும், பென் டிரைவிலிருந்து நேராக ஓட்டக் கூடாது.

மாற்றும்போது பையன்கள் கோட்டை விடுவது ஃபிரேம் ரேட்டில், அதாவது விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்கிற கணக்கில். 23.976-ல் வந்த படத்தை 24 என்று வைத்து ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் 3.6 விநாடி விலகிவிடும். முதல் காட்சியில் தெரியாது, கிளைமாக்ஸில் வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். வந்த ரேட்டிலேயே மாற்ற வேண்டும். போனில் எடுத்த வீடியோவில் ரேட் ஏறி இறங்கும். அதை மட்டும் ஒரே நிலையான ரேட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஆடியோ சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸாக இருக்கட்டும். படம் தொடங்க 2 விநாடி முன்னால் ஒரு ஃபிரேம் நீளத்துக்கு 'பீப்' சத்தம் வைக்கச் சொல்லி எடிட்டரிடம் கேட்டு வாங்கட்டும், படமும் சத்தமும் பொருந்துகிறதா என்பதற்கு அது அடையாளம். படம் முடிந்த பிறகும் ஒன்று இருந்தால் இரண்டு முனையும் பொருந்துகிறதா என்று பார்த்துவிடலாம்.

ஸ்டுடியோவில் உதவியாளராகச் சேர்கிறவன் கையில் முதலில் வந்து விழுவது இந்த வேலைதான். இதில் தப்பு செய்தால் எல்லாச் சத்தத்தையும் கலக்கும் மிக்ஸிங் மேஜை வரைக்கும் அது போகும், அதனால் சுத்தமாகச் செய்கிறவனை விட மாட்டார்கள். டிகிரி முடிவதற்குள் நண்பர்களின் குறும்படம் மூன்று நான்கை இப்படித் தயார் செய்து, சத்தம் ஒட்டி வைத்திருந்தால் சென்னையில் கேட்டுப் போகும்போது காட்ட ஏதாவது இருக்கும். தரமணி அரசு திரைப்படக் கல்லூரியில் ஆடியோகிராஃபி (ஒலிப்பதிவு) படிப்பு இருக்கிறது. அந்த விவரத்தையும் விசாரிக்கட்டும்.

ஒரு நல்ல ஹெட்போனும் எஸ்எஸ்டியும் இப்போது வாங்கிக் கொடுங்கள். மாற்றிய ஃபைலும் திக்கினால் மெமரி 16 ஜிபி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கப்புறமும் திக்கினால் கம்ப்யூட்டர் பேச்சை எடுக்கலாமுங்க.